புது பிரேக் பேடு போட்டும் கீச் சத்தமா? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவனுக்கு பேடு விற்பது ஒரு வேலை, விற்ற பேடு ஏன் கத்துகிறது என்று விளக்குவது இன்னொரு வேலை. பேடைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் கொண்டுவரும் பேடில் பெரும்பாலும் ஒரு கோளாறும் இருக்காது. மாட்டும்போது அதைச் சுற்றிச் செய்யாமல் விட்ட சின்னச் சின்ன வேலைதான் சத்தமாக வெளியே வருகிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். முன்னால் டிஸ்க் (பேடு இறுக்கிப் பிடிக்கும் சுழல்தட்டு), பின்னால் டிரம் (உள்ளே ஷூ என்ற கட்டைகள் அழுத்தும் உருளை) உள்ள சாதாரண கார்களுக்கான பதில்கள் இவை.

அண்ணே, நேத்துதான் புது பேடு மாத்தினேன். இன்னைக்கே கீச் கீச்சுங்குது. டூப்ளிகேட்டா இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் அதில் வேண்டாம். புது பேடின் முகமும் பழைய டிஸ்க்கின் முகமும் இன்னும் ஒன்றோடொன்று படியவில்லை. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லேசான கீச் சத்தம் வருவது சகஜம்.

நாம் பிரேக் மிதிக்கும்போது பேடு டிஸ்க்கை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பிடித்துப் பிடித்து வழுக்குகிறது. அந்த அதிர்வோடு டிஸ்க்கும், பேடைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரும் சேர்ந்து அதிர ஆரம்பித்தால் கீச் சத்தம். அது 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் சின்னச் சத்தம்கூட உயிரை வாங்குகிறது.

வேகம் குறைவாக இருந்து லேசாக மிதிக்கும்போதுதான் இது அதிகம் கேட்கும். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் வண்டி ஓட்டிப் போகிறவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் அழுத்தி மிதித்தால் அதே வண்டியில் சத்தமே இருக்காது.

புது பேடைப் பழக்கணும்னு சொல்றாங்களே, எப்படிப் பழக்குறது?

முதலில், பேடு மாட்டிய உடனே வண்டியை எடுக்காதீர்கள். பேடு மாற்றும்போது, காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் மிதிக்கு பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை பல தடவை மிதித்துவிட்டு அப்புறம் நகர்த்துங்கள்.

பழக்குவதற்கு விடிகாலையில் திருமயம் போகிற நெடுஞ்சாலை நல்ல இடம். பின்னால் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை சீராகப் பிரேக் போட்டுக் குறையுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். அரை கிலோமீட்டர் ஓடி மறுபடியும். இப்படி 8 அல்லது 10 தடவை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படிவதற்குத்தான் இவ்வளவும். சூடாக இருக்கும்போதே பெடலை அழுத்தி மிதித்தபடி நிறுத்தி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் தடித்துப் படிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் காலில் ஒரு துடிப்பு தெரியும்.

எந்தச் சத்தம் சும்மா, எந்தச் சத்தம் ஆபத்து?

மெல்லிய கீச் சத்தம் பெரும்பாலும் எரிச்சல் மட்டும்தான். கரகரவென்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் என்றால் வண்டியை ஓரங்கட்டுங்கள். பேடு தீர்ந்து, அது ஒட்டியிருந்த இரும்புப் பின்தகடு டிஸ்க்கைச் செதுக்குகிறது என்று அர்த்தம். புது பேடிலும் இது நடக்கும். விலை குறைந்த பேடுகளில் உராயும் பகுதி பின்தகட்டிலிருந்து பெயர்ந்து விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சத்தத்தோடு பெடல் துடித்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் கொதித்தாலோ, பிரேக் ஆயில் குறைந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

காலைல முதல் ரெண்டு மூணு பிரேக்குக்கு மட்டும் கத்துது, அப்புறம் இல்ல. இதுக்கும் வேலை பார்க்கணுமா?

வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு. ராத்திரி பனி பட்டாலும், சாயந்தரம் கார் கழுவி அப்படியே நிறுத்தினாலும், காலையில் அதன் முகத்தில் ஆரஞ்சு நிறத்தில் துருப்பொடி பூத்திருக்கும். முதல் சில பிரேக்கில் பேடு அதைத் துடைத்துவிடும். துருவை ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் இயங்கும் ஊரில் இதற்கு மேல் நான் வகுப்பெடுக்கக் கூடாது.

தம்பி, வண்டி கானாடுகாத்தான் வீட்டுலயே நிக்குது. நாங்க கல்யாணம், முன்னோருக்குப் படைப்புன்னு எப்பவாவதுதான் வர்றோம். எடுத்தாலே ஒரே அலறல். போன தடவைதான் பேடு மாத்துனோம்.

ஆச்சி, இது காலைப் பனியில் பூக்கிற துரு இல்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் துரு டிஸ்க்கைக் குழியாகத் தின்றிருக்கும். பேடு ஒட்டியிருந்த இடம் மட்டும் வேறு மாதிரி, திட்டாக இருக்கும். பேடு எத்தனை தடவை மாற்றினாலும் அந்தத் திட்டு ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசும். மெதுவாக ஓட்டி இருபது முப்பது பிரேக் போட்டும் அடங்கவில்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பின்சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வண்டியைக் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும். கார் கழுவிய ஈரத்தோடு கொட்டகையில் விட வேண்டாம், ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவி இருந்தால் வாரம் ஒரு தடவை பள்ளத்தூர் வரை போய்வரச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் நல்லது.

பேடு மட்டும் மாத்தினேன், டிஸ்க்கை அப்படியே விட்டாச்சு. தப்பா?

தப்பு இல்லை, பார்க்காமல் விட்டதுதான் தப்பு. டிஸ்க் ஆறிய பிறகு விரல் நகத்தை அதன் மேல் உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். வரிவரியாக நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. வெளி ஓரத்தில் ஒரு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். பழைய பேடு அந்த வரப்புக்கு உள்ளேயே ஓடிப் பழகியிருக்கும். புது பேடு ஒரு மயிரிழை அகலமாக இருந்தாலும் அதன் விளிம்பு வரப்பின் மேல் ஏறிக் கத்தும். வரப்பை மட்டும் எடுத்துவிட்டாலே பல வண்டிகளில் சத்தம் போய்விடுகிறது.

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்ச தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள். லேத்தில் கொடுத்துச் சீவினாலும் அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. அளவை ஒட்டி வந்துவிட்டால் சீவுகிற கூலியைப் புது டிஸ்க்கில் போடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது டிஸ்க் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். அதை பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்காமல் மாட்டினால் புது பேடும் அந்த எண்ணெயைக் குடித்துவிடும்.

கிரீஸ் கொஞ்சம் தடவினா போயிடும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. தேங்காய் எண்ணெய்கூட சொன்னாங்க.

கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். அந்தப் புத்தி பிரேக்குக்கு ஆகாது. ராட்டினம் வழுக்க வேண்டிய பொருள், பிரேக் வழுக்கக் கூடாத பொருள். தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே, டீசல் எதுவும் பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ படக் கூடாது. பட்டுவிட்டால் டிஸ்க்கைத் துடைத்துவிடலாம், ஊறிப்போன பேடைக் காப்பாற்ற முடியாது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், கோணிப் போகும்.

ஆனால் கிரீஸுக்கு வேலையே இல்லை என்று நினைக்காதீர்கள். பேடின் பின்தகடு காலிப்பரைத் தொடும் இடம், பேடின் இரண்டு காதுகள் (ஓர முனைகள்) கிளிப்பில் உட்காரும் இடம், காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் ஆகிய மூன்று இடங்களில் தேவை. அதுவும் மெல்லப் பூச வேண்டும், அப்பக் கூடாது. பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ், பின்தகட்டுக்கு பிரேக்குக்கென்றே வரும் செராமிக் கிரீஸ். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி டிஸ்க்கில் வழியும், பின்னைச் சுற்றியுள்ள ரப்பரையும் ஊதவைத்துவிடும்.

மெக்கானிக் பழைய ஷிம், கிளிப் எல்லாம் "இது தேவையில்ல சார்"னு தூக்கிப் போட்டுட்டார். சத்தம் அதனால இருக்குமா?

கடைக்கு வரும் கீச் சத்தங்களில் பாதிக்கு நான் இதைத்தான் சந்தேகிப்பேன். பின்தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுதான் ஷிம். பேடின் அதிர்வு காலிப்பருக்குப் போகாமல் நடுவில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வது அதன் வேலை. கிளிப் என்பது பேடின் காதுகளை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் எஃகுத் தகடு. இரண்டும் போனால் பேடு தன் கூட்டுக்குள் தொளதொளவென்று ஆடும். ஆடுகிற பேடு கத்தும். பின்னால் எடுத்து முன்னால் போகும்போது "டக்" என்று ஒரு சத்தமும் வரும்.

கிளிப் செட் தனியாகக் கிடைக்கிறது, பேடு விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதைப் போடும் முன் கிளிப் உட்காரும் இடத்திலுள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுக்க வேண்டும். துருவின் மேலேயே கிளிப்பை வைத்தால் அது எழும்பி நின்று பேடை இறுக்கிவிடும். பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பேடு டிஸ்க்கை விடாது.

அப்புறம் ஸ்லைடு பின். காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வது இந்த இரண்டு பின்களின் மேல்தான். பேடு மாற்றும்போது இரண்டையும் வெளியே இழுத்து, பழைய காய்ந்த கிரீஸைத் துடைத்து, புதிது போட வேண்டும். பல வண்டிகளில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும், மற்றதில் இருக்காது. மேலதைக் கீழே மாற்றிப் போட்டால் காலிப்பர் கோணலாக நகரும். எந்தப் பின் எந்தத் துளையில் இருந்தது என்று கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பிரேக் மிதிச்சா சத்தம் நிக்குது. காலை எடுத்தா கீச்சுங்குது. தலைகீழா இருக்கே?

இரண்டு காரணம் உண்டு. பேடில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேடு 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தி எச்சரிப்பதற்காக வைத்தது. உள்பக்கம் போக வேண்டிய பேடை வெளிப்பக்கம் மாட்டினாலோ, மாட்டும்போது நாக்கு வளைந்தாலோ, 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள புது பேடிலேயே அது டிஸ்க்கைத் தொடும். மிதிக்கும்போது பேடு இறுகுவதால் சத்தம் நிற்கும். இல்லையென்றால் முந்தைய பதிலில் சொன்ன கிளிப் இல்லாத தொளதொளப்பு.

ஆத்தங்குடி ரோட்டுல மண் பாதையில போயிட்டு வந்ததும் பயங்கரச் சத்தம். அதுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சு.

நம் பக்கத்து மண் செம்மண், அதில் கலந்திருப்பது செம்பூரான் கல் சரளை. டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகட்டு மறைப்பு ஒன்று இருக்கிறது. அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே பட்டாணி அளவு கல் சிக்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சத்தம் இருக்கும், வேகத்தோடு கூடும். ஆளில்லாத இடத்தில் மெதுவாகக் கொஞ்சம் பின்னால் எடுத்துப் பாருங்கள், பல தடவை கல் தானே விழுந்துவிடும். விழவில்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி எடுக்க வேண்டும். மறைப்புத் தகடு வளைந்திருந்தால் விரலால் தள்ளினாலே விலகும்.

செம்மண் புழுதி பேடின் முகத்தில் அடைந்து கத்துவதும் உண்டு. டிஸ்க் ஆறிய பிறகு தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் சரியாகும். கம்ப்ரஸர் காற்றால் ஊதவே வேண்டாம். பழைய வகைப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகிற விஷயம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே சரி.

செராமிக் பேடு போட்டா சத்தமே வராதாமே?

குறையும். செமி மெட்டாலிக் பேடில் இரும்புத் துகள் அதிகம். சூட்டைத் தாங்கும், நன்றாகப் பிடிக்கும், சத்தமும் போடும். ஆர்கானிக் வகை மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். செராமிக் அமைதி, தூசி கம்மி, விலை கூடுதல். ஊருக்குள் கல்லுக்கட்டி, நூறடி ரோடு என்று ஓட்டுகிறவருக்கு வண்டியோடு வந்த வகையே போதும். கிளிப் இல்லாத காலிப்பரில் செராமிக்கைப் போட்டால் செராமிக்கும் கத்தும்.

பேடு முகம் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பேடு அளவுக்கு மீறிச் சூடானால் முகம் இறுகிப் பளபளப்பாகும். கொடைக்கானல் போய்வந்த வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். கீழே இறங்கும்போது நாலாவது கியரிலேயே வைத்துக்கொண்டு பிரேக்கிலேயே காலை வைத்து வந்திருப்பார்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

லேசான பளபளப்பு என்றால் 80 அல்லது 120 எண் உப்புத்தாளைச் சமதளத்தில் விரித்து, பேடை அதன் மேல் எட்டுப் போடுகிற மாதிரி தேயுங்கள். முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள், தூளை ஈரத்துணியால் எடுங்கள். மறுபடி பழக்க வேண்டும், இரண்டாவது பதிலில் உள்ளபடி. முகம் நீலம் பாய்ந்தோ வெடித்தோ இருந்தால் தேய்க்கிற வேலை வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

வலது முன்சக்கரம் மட்டும் சூடாகுது, வண்டியும் அந்தப் பக்கம் இழுக்குது. சத்தமும் அங்கதான்.

அந்தப் பக்கத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது. ஸ்லைடு பின், பிஸ்டன் பக்கம் கோளாறா என்பதைப் பேடே காட்டிக்கொடுக்கும். கழற்றி உள்பேடையும் வெளிப்பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண ஒற்றை பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டன் இருப்பது உள்பக்கம். உள்பேடு மட்டும் மிகத் தேய்ந்திருந்தால் பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கும். ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் காலிப்பர் கோணலாக நிற்கிறது. பேடு மாற்றும்போது பழைய பேடு நாலையும் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், பார்த்தால் போதும்.

இரண்டும் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையென்றால் ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். பழைய ஹோஸ் உள்ளுக்குள் ஊதி ஆயிலைப் போகவிடும், திரும்பி வரவிடாது. இது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை.

பேடு மாத்தும்போது பிரேக் ஆயிலும் மாத்தணுமா?

சத்தத்துக்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலுக்கு ஈரமில்லாதபோது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230, 155. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது அதனால்தான். பிஸ்டனைத் தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் பொங்கும், முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயின்டில் சிந்தினால் பெயின்ட் உரியும்.

முன்னாடி எல்லாம் சரி பண்ணியாச்சு. சத்தம் பின்னாடி இருந்து வருது.

பின்னால் டிரம். உள்ளே ஷூ தேய்ந்த தூள் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து கத்தும். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டை ஷூ தொடும் இடங்களில் மட்டும் துளி கிரீஸ் வைத்தால் போதும். உள்ளே ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. அதை மாற்றாமல் சுத்தம் மட்டும் செய்வதில் பயனில்லை.

நீங்க சொன்னது எல்லாம் பண்ணியாச்சு. இன்னும் லேசாக் கீச்சுங்குது. இனி என்ன?

பேடின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பாருங்கள். செங்குத்தாக வெட்டியிருந்தால் அரத்தால் லேசாகச் சரிவாக்கச் சொல்லுங்கள். பல கம்பெனிப் பேடுகள் சரிவோடுதான் வருகின்றன. அதிர்வு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கும் அடங்கவில்லையென்றால் வேறு கலவைப் பேடு போட்டுப் பார்க்கலாம். அதே பேடில் இன்னொரு செட் வாங்குவதில் லாபம் எனக்கு மட்டும்தான்.

மூன்றாவது பதிலில் சொன்ன எந்த அறிகுறியும் இல்லாமல், எப்போதாவது ரிவர்ஸில் மட்டும் கத்தினால் அப்படியே ஓட்டுங்கள். 5,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கரத்தைக் கழற்றி, உள்பேடும் வெளிப்பேடும் சமமாகத் தேய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.